வீட்டுக்கு வாங்கிய ஸ்டெப்னி

ஆனைமிதிச்சான்குளத்து ஆட்களுக்கு ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். பிறகு நாம்தான் அவஸ்தைப்பட வேண்டும்.

அந்த ஊர் சுடலைக்கண்ணுவுக்கு முப்பத்தி நாலு வயதில் ஒரு வழியாகப் பெண் அமைந்தது. பெண் பெயர் உலகம்மாள். அவளைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா பால்வண்ணம் ஒரு நிபந்தனை போட்டார்: "மாப்பிள்ளை வீட்டக் கண்ணால பாத்தபொறவுதான் தாலி."

பார்க்க வரலாம் என்றால் அவருக்கு முழங்கால் வலி. எழுபது மைல் பஸ்ஸில் உட்கார முடியாது.

சித்தப்பா கொம்பையா மூன்று நாள் யோசித்தார். "அவரால வர முடியாதுன்னா, வீடு போகட்டும்லே."

சுடலைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பா இருந்தால்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார். வயலை விற்று, சுற்றுலாக்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு சக்கர வீட்டை வாங்கினார்கள். ஜன்னல், கட்டில், அடுப்பு, அடியில் இரண்டு டயர். இழுக்க மச்சான் தங்கப்பழத்தின் ஜீப் இருந்தது.

ஸ்டெப்னி மட்டும் இல்லை. முக்குரோட்டு டயர் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "அண்ணாச்சி, ஓடுத டயரு எப்படி இருக்கோ, ஸ்டெப்னியும் அச்சு அசலா அப்படியே இருக்கணும். இம்மி வித்தியாசம் இருந்தாலும் நடுரோட்டுல நிப்பீய."

அவரிடமே ஒரு புது டயர் வாங்கிவந்து அளவு பார்த்தார்கள், சரி. போல்ட் ஓட்டையை மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினார்கள், அஞ்சு. அப்படியும் கொம்பையா முகம் தெளியவில்லை.

"அது வழுக்கையா இருக்கு, இது புத்தம் புதுசா பட்டை பட்டையா இருக்கே?"

"இம்மியில்ல சித்தப்பா, இது ஏகப்பட்ட வித்தியாசம்," என்றான் தங்கப்பழம்.

நாலு நாள் அந்தப் புது டயரைப் பாறையில் போட்டு, மூன்று பேரும் முறைவைத்துத் தேய்த்தார்கள். சுடலைக்கண்ணுவின் உள்ளங்கை கொப்பளித்தது. உலகம்மாளை நினைத்துப் பொறுத்துக்கொண்டான். ஓடுகிற டயரில் ஓர் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. அதேபோல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து ஸ்டெப்னியிலும் அதே இடத்தில் ஒட்டிய பிறகுதான் கொம்பையா தலையாட்டினார்.

கல்யாணத்தன்று விடியுமுன்னே வீட்டை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. எட்டு மணிக்கெல்லாம் பெண் ஊருக்கு ஒரு மைல் இருக்கையில் 'புஸ்' என்றது. இடப்பக்க டயரில் விரல் நீள ஆணி.

"ஸ்டெப்னி எதுக்கு வச்சிருக்கோம்?" என்று சிரித்தபடி தங்கப்பழம் அதை உருட்டி வந்தான். மாட்டப்போகும்போது சுடலைக்கண்ணு, "நிறுத்து மச்சான்!" என்று கத்தினான். நல்லவேளை, மாப்பிள்ளை கண்ணில் பட்டது.

"அதுல காத்து இல்ல. இதுல இருக்கு."

தங்கப்பழம் ஸ்டெப்னியைச் சட்டென்று கீழே போட்டான்.

"கெட்டது குடி," என்றார் கொம்பையா. "இத அப்படியே மாட்டியிருந்தா நடுரோட்டுல நின்னிருப்போமே!"

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுடலைக்கண்ணு பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அதே ஆணியைப் பிடுங்கி, ஸ்டெப்னியில் அதே இடத்தில் வைத்து, கல்லால் ஓங்கி அடித்தான். அதுவும் 'புஸ்' என்றது. சத்தத்தில்கூட வித்தியாசம் இல்லை என்று கொம்பையா மருமகளே வந்துவிட்டதுபோல் மகிழ்ந்தார்.

மாட்டினார்கள். ஜீப் உறுமியது, புகை கக்கியது. வீடு அசையவில்லை.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையைத் தேடி, முழங்காலைத் தடவிக்கொண்டே பால்வண்ணம் மொபெட்டில் வந்து சேர்ந்தார். அவர் சுவரைத் தட்டினார். ஜன்னலைத் திறந்து மூடினார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் கீழே குனிந்தவர் முகம் மாறியது.

"சக்கரம் இருக்கே மாப்ள. நாளைக்கே எம் மவள வச்சு வேற ஊருக்கு உருட்டிட்டுப் போயிட்டா நான் எங்க தேடுவேன்?"

சுடலைக்கண்ணு அவர் காலைத் தொடாத குறைதான். "நகராது மாமா! எங் கையாலயே ஆணி அடிச்சிருக்கேன். மாட்டுன டயர்லயும் காத்து இல்ல, ஸ்டெப்னியிலயும் இல்ல. வேணும்னா அமுக்கிப் பாருங்க."

பால்வண்ணம் இரண்டையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு ஜீப்பை இன்னொரு முறை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். வீடு நின்ற இடத்திலேயே நின்றது.

"வீடுன்னா இதுல்லா வீடு!" என்று மாப்பிள்ளையை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஒன்பதரைக்குத் தாலி ஏறியது.

சாயங்காலம் மணமக்களை நடுரோட்டில் நின்ற அந்த வீட்டில் விட்டுவிட்டு, கொம்பையாவும் தங்கப்பழமும் ஜீப்பில் ஊர் திரும்பினார்கள். உலகம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள். ரோட்டின் இருபுறமும் வழியில்லாமல் வண்டிகள் நின்றன.

"நாம ஊருக்கு எப்பப் போகணும்?"

"வீட்டுக்கு வந்தபொறவு இன்னும் எங்கட்டி போகணும்?" என்றான் சுடலைக்கண்ணு. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவன் உட்கார்ந்ததில்லை.

அப்போது பஸ் டிரைவர் ஒருவர் இறங்கிவந்து கதவைத் தட்டி, "யோவ், இத மொதல்ல நகத்துய்யா!" என்று கத்தினார்.

சுடலைக்கண்ணு கதவைத் திறந்தான். வீட்டுக்கு முதல்முதலாக வந்த விருந்தாளி. கோபப்படக் கூடாது.

"அண்ணாச்சி, எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து ரோட்டப் போட்டுட்டு, எங்களயே நகரச் சொல்லுதீயளே, இது நியாயமா?"