அம்மாவைத் தெரியாத மாடு

“என் மகள் என்னோட பேசுறதில்லைம்மா,” என்றார் பஞ்சநதம்.

அம்மையார் அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

சீடரான பஞ்சநதத்துக்குக் குருவான அம்மையாரைவிட வயது கூடுதல். வெள்ளிக்கிழமை தவறாமல் காவிரிக் கரையிலிருந்த அந்தக் குடிலுக்கு வந்துவிடுவார். ஆத்மா, பிரம்மம் என்று அவர் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குக் காப்பி ஆறிப்போகும். அன்றைக்கு அதெல்லாம் வாயில் வரவில்லை.

“பேசுறதே இல்லையா?”

“பேனா வேணும், பசிக்குது, அவ்வளவுதான். அவ அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நான் தையல்நாயகின்னு பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுறா. ஒன்பது வயசுப் பிள்ளைம்மா, என் அபயா. வீட்டுல அவளும் நானும்தான்.”

“என்ன நடந்துச்சு?”

“தையல்நாயகி காரியத்தன்னைக்கு மாடு தானம் கொடுத்தோம். செத்தவங்க போற வழியில ஒரு ஆறு இருக்காம். அந்த மாட்டோட வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடக்கணுமாம். ஐயர் சொன்னாரு. சொந்த மாட்டுக்கு நான் எங்கே போறது? வாடகை மாடுதான் பிடிச்சோம். தானம் கொடுத்து முடிஞ்சதும் மாட்டுக்காரர் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”

“அப்புறம்?”

“சாயங்காலம் அபயா வந்து கேட்டா. ‘அப்பா, அந்த மாட்டுக்கு அம்மாவைத் தெரியாதே. வாலைப் பிடிக்க விடுமா?’”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டார்.

“சிரிச்சேன். ஆறும் இல்லை, மாடும் இல்லை, ஆத்மாவுக்குப் பிறப்பு இறப்பே கிடையாது, போய்ப் படின்னேன். அதுதானேம்மா உண்மை? அதைக் குழந்தைக்குப் புரியுற மாதிரி எப்படிச் சொல்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்.”

அம்மையார் கீரையை வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க.”

ஆற்றோரம் குடிலின் மாடு நின்றிருந்தது. அம்மையார் அதை முழங்கால் தண்ணீருக்கு ஓட்டிப்போனார்.

“வாலைப் பிடிச்சுக்குங்க. அக்கரைக்குப் போகலாம்.”

பஞ்சநதம் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாலைத் தொட்டார்.

மாடு உதைத்தது.

“ஐயையோ! என்னம்மா, இப்படி உதைக்குது!” என்றார், கரையோரச் சேற்றில் விழுந்து உட்கார்ந்தபடி.

“அதுக்கு உங்களைத் தெரியாதே.”

பஞ்சநதம் எழுந்திருக்கவில்லை. இதைத்தானே அந்தப் பிள்ளை கேட்டது?

அம்மையார் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார். காதருகே குனிந்தார்.

“நம்ம பஞ்சநதம்தான். வெள்ளிக்கிழமை வருவாரு. நல்ல மனுஷன், கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி.”

மாடு காதை ஆட்டியது.

பஞ்சநதம் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“அன்னைக்கு அபயாவும் இப்படித்தான் நின்னாம்மா. வாழைப்பழத்தை ஊட்டிக்கிட்டு, மாட்டோட காதுல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா.”

“என்ன சொன்னா?”

“நான் கேக்கலையே. அடுத்த வீட்டுக் காரியத்துக்கு நேரமாச்சுன்னு மாட்டுக்காரர் பரபரன்னு நின்னாரு. நான் அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். ‘இருங்கப்பா, இன்னும் சொல்லி முடிக்கலை’ன்னு அழுதா. கேக்காம இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சேற்றுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“பாதியில இழுத்துட்டேனே! அவ அம்மா இன்னும் இக்கரையிலேயே நிக்கிறான்னுதானே அந்தக் குழந்தை இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருக்கும்?”

அம்மையார் மாட்டைக் கரையேற்றினார்.

“இனிமே அவகிட்ட நான் என்னத்தைம்மா சொல்லுவேன்?”

அம்மையார் குடிலுக்குப் போனார். மீதியிருந்த அகத்திக்கீரையைக் கட்டாகக் கட்டி எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“மாட்டுக்காரர் வீடு, அபயா நடக்குற தூரம்தானே?”