தவளைச் சீட்டு

ஆற்று வளைவில் ஒரு மடு இருந்தது. அதன் கரையில் நின்ற மருத மரத்தின் வேருக்கடியில் அலரி என்ற நீர்நாய் தனியாக வசித்து வந்தது.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஆற்றில் செந்நீர் புரண்டது. தண்ணீர் வளையின் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஈரம் ஏறாத இடம் தேடி, மரத்தின் பொந்துக்குள் கையை விட்டுத் துழாவியது அலரி. விரலில் ஓலை தட்டுப்பட்டது.

வெளியே இழுத்துப் பார்த்தது. சீட்டுக் கட்டு!

பனையோலையைப் பல்லால் ஒரே அளவாக நறுக்கி, நாவல்பழச் சாற்றால் படம் போட்ட சீட்டுகள். மீன் இரண்டு, நண்டு இரண்டு, நத்தை இரண்டு, ஆமை இரண்டு, கொக்கு இரண்டு, இறால் இரண்டு, பாம்பு இரண்டு, தாமரை இரண்டு. தவளை மட்டும் ஒன்று. சாயம் மங்கியிருந்தது. ஆனால் பதினேழும் இருந்தன.

எல்லாம் மாமாவின் கைவேலை. அம்மா போன பிறகு அலரியையும் தம்பி சுழியனையும் தங்கை சிட்டாளையும் வளர்த்தது தாய்மாமாதான். ஆமையோட்டைக் கடித்துப் பார்த்து முன்பல் ஒன்றைத் தொலைத்த மாமா. அதனால் அது பேசினால் ஒவ்வொரு சொல்லோடும் கொஞ்சம் காற்றும் சேர்ந்து வரும்.

ஆட்டம் எளிது. சீட்டுகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஜோடி சேர்ந்தவற்றைக் கீழே போட வேண்டும். முறை வரும்போது, யார் கையிலிருந்து வேண்டுமானாலும், படத்தைப் பார்க்காமல் ஒரு சீட்டை உருவலாம். ஜோடியில்லாத தவளை கடைசியில் யாரிடம் தங்குகிறதோ அவர் தோற்றவர். தோற்றவர் கரையிலுள்ள தட்டைப் பாறையில் ஏறி, தொண்டையை உப்பி, மூன்று முறை தவளைபோலக் கத்த வேண்டும்.

மழை நாளெல்லாம் ஆடுவார்கள். எப்போதும் தோற்பது மாமாதான்.

"மாமா, உங்களுக்குக் கண்ணே தெரியாதா?" என்று சிட்டாள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"தெரிஞ்சா ஏண்டி இதை எடுக்கிறேன்?" என்றபடி மாமா பாறைக்குப் போகும்.

"தவளை மாமா! தவளை மாமா!" என்று மூன்றும் பின்னாலேயே ஓடும்.

அலரியிடம் ஒரு ரகசியம் இருந்தது. தவளைச் சீட்டின் ஒரு மூலை கடிபட்டிருந்தது. முதுகுப் பக்கம் பார்த்தாலே அடையாளம் தெரியும். அதைக் கண்டுபிடித்தது தான் மட்டும்தான் என்று நினைத்தது அலரி. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சீட்டை உருவியதும் இல்லை, ஒரு நாளும் தோற்றதும் இல்லை.

மாமா இறந்து நான்கு மழை கடந்துவிட்டது. சுழியன் மேலாற்றுக்குப் போனது. சிட்டாள் கீழாற்றுக்குப் போனது. கெளுத்தி மீன் கூடும் ஒரு பள்ளம் யாருக்குச் சொந்தம் என்று அவற்றுக்குள் சண்டை. இரண்டு மழையாகப் பேச்சுவார்த்தை இல்லை. அலரியின் வளைக்கும் இரண்டும் வருவதில்லை. ஒருமுறை வந்தாலும் அக்கா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்ற பேச்சு வருமாம்.

அலரி மரத்தடியில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தது. பங்கு போட்டது. போட்டு முடித்த பிறகுதான் பார்த்தது. பழக்கத்தில் நான்கு பங்கு போட்டிருந்தது.

வெகுநேரம் அந்த நான்கு குவியல்களையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மீன்கொத்தியைக் கூப்பிட்டது.

"மாமாவோட சீட்டுக் கட்டு கிடைச்சிருக்கு, ஒரே ஒரு ஆட்டம் போட வாங்கன்னு தம்பிகிட்டயும் தங்கச்சிகிட்டயும் சொல்லு."

"ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்குத் தெரியணுமா?" என்று கேட்டது மீன்கொத்தி.

"வேண்டவே வேண்டாம்!"

மறுநாள் காலையில் இரண்டும் வந்தன.

"இவ வர்றான்னு சொல்லவே இல்லையே!" என்றது சுழியன்.

"இந்த மூஞ்சியப் பாக்கத்தான் வெள்ளத்துல நீந்தி வந்தேனாக்கும்!" என்றது சிட்டாள்.

அலரி சீட்டுகளை மரத்தடியில் விரித்தது. சுழியன் ஒரு சீட்டை எடுத்து முகர்ந்தது.

"நாவல் வாசம் இன்னும் இருக்குக்கா."

"ஒரே ஆட்டம். முடிஞ்சதும் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே சிட்டாள் உட்கார்ந்தது.

முதல் ஆட்டத்தில் தவளை சுழியனிடம் விழுந்தது. அலரி அந்தக் கடிபட்ட மூலையைப் பார்த்தது, பக்கத்துச் சீட்டை உருவியது. சிட்டாளும் பக்கத்துச் சீட்டையே உருவியது. சுழியன் தோற்றது. பாறையில் ஏறி, கடனே என்று மூன்று முறை கத்திவிட்டு இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றது சுழியன்.

இரண்டாவது ஆட்டத்தில் தவளை சிட்டாளிடம் விழுந்தது. அதை யாரும் தொடவில்லை. சிட்டாள் தோற்றது. சீட்டை விசிறியடித்தது.

"கைக்கு வந்த உடனேயே தோத்தாச்சு! இதுல என்ன ஆட்டம்? நீ அந்தச் சீட்டு பக்கமே வரலையே அண்ணே, அது தவளைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன ஆட்டத்துல நீ மட்டும் வந்தியா?"

இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன.

"மூலை..." என்று இழுத்தது சுழியன்.

"உனக்கும் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன்!"

பிறகு இரண்டும் ஒரே சமயத்தில் அலரியைப் பார்த்தன. அலரி தலையைக் குனிந்துகொண்டது.

"எனக்கும் தெரியும்" என்றது.

"அப்போ கடிச்சதே நீதான்! ஒரு நாள்கூட நீ பாறையில ஏறினது கிடையாது!" என்று கத்தியது சுழியன். "பெரியவளாச்சேன்னு உன்னை நம்பினோமே! இனிமே எனக்கு ஆள் அனுப்பாதே!"

"எனக்கும்தான்!" என்றது சிட்டாள். இரண்டு மழைக்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போனது அதில்தான்.

இப்போது போனால் இரண்டும் திரும்பி வராது என்று அலரிக்குத் தெரிந்தது. கரைக்கு ஓடி மூன்று பூவரச இலைகளைப் பறித்து வந்தது.

"நான் கடிக்கலை. ஆளுக்கு ஒரு இலையைக் கடிங்க. பல்லே சொல்லட்டும்."

மூன்றும் கடித்தன. தவளைச் சீட்டை நடுவில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தன. இலைகளில் கடி ஒரே வளைவாக இருந்தது. ஓலையில் அப்படி இல்லை. கடியின் நடுவில் ஒரு கீற்று மட்டும் கடிபடாமல் நீட்டிக்கொண்டு நின்றது.

சுழியன் நாக்கால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்தது.

"ஆமை ஓட்டுல போன பல்லு" என்றது சிட்டாள், மெதுவாக.

"மாமாவா? அவருக்குத்தான் கண்ணு தெரியாதே!" என்றது சுழியன்.

"யார் சொன்னா?" என்றது அலரி. "அக்கரையில இறால் துள்ளினா இங்கிருந்தே காட்டுவாரே. சீட்டு ஆடும்போது மட்டும்தான் அவருக்குக் கண்ணு தெரியாது."

சுழியன் ஓலையின் கடிபட்ட மூலையைத் தடவியது.

"தவளை கைக்கு வந்தா என் மூஞ்சி தொங்கிடும்" என்றது சுழியன். "அடுத்த முறையே மாமா என் கையில இருந்து உருவிடுவார். நான் எவ்வளவு சிரிச்சிருக்கேன்!"

"நான் அவரை முட்டாள்னே சொல்லியிருக்கேன்" என்றது சிட்டாள். "பாறை வரைக்கும் பின்னாடியே போய்ச் சொல்லியிருக்கேன்."

அலரி சீட்டுகளைப் பொறுக்கி, கலைத்து, மூன்று பங்கு போட்டது. போகிறேன் என்று சொன்னவை இரண்டும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன.

தவளை மறுபடியும் சிட்டாளிடம் விழுந்தது. சிட்டாள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தது, முடியவில்லை. அலரியின் முறை வந்தது. கடிபட்ட மூலை கண்ணெதிரே நின்றது. அதன் பக்கத்தில் ஒரு நல்ல சீட்டு. அலரியின் கை பழக்கத்தில் நல்ல சீட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, கடிபட்ட சீட்டை உருவியது.

"அக்கா! கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சா ஏண்டி இதை எடுக்கிறேன்?" என்றது அலரி.

ஆட்டம் முடிந்ததும் தட்டைப் பாறையில் ஏறியது. நடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது. அங்கேதான் மாமா உட்காரும். அதில் உட்கார்ந்து, தொண்டையை உப்பிக் கத்தியது.

"இது தவளையா, தொண்டையில முள்ளு மாட்டின கொக்கா?" என்று கேட்டது சுழியன். சிட்டாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் தோளிலேயே சாய்ந்து சிரித்தது.

கோரைப்புல்லுக்குள்ளிருந்து ஒரு கிழத் தவளை தலையை நீட்டியது.

"யாரது கத்துக்குட்டி? முன்னே ஒருத்தர் வருவாரே, பாதிக் கத்தல் காத்தாவே போகுமே! எங்க ஆளுங்க எல்லாரும் எழுந்து பதில் கொடுப்போமே! அவர் எங்கே?"

அலரிக்கு இன்னும் இரண்டு கத்தல் பாக்கி இருந்தது. ஒன்றைக் கத்தியது. கடைசிக் கத்தல் பாதியில் உடைந்து, வெறும் காற்றாகப் போனது.

"ஆங், அதேதான்!" என்றது கிழத் தவளை. மடு முழுக்கத் தவளைகள் பதில் கொடுத்தன.

பாறையைவிட்டு இறங்கி வந்தபோது சுழியன் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்தில் தவளை அலரியிடம் விழுந்தது. சுழியன் அதன் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு எங்கோ ஆற்றைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு, கடிபட்ட மூலையைப் பிடித்து உருவியது.

தோற்பதற்கு மனமுள்ள ஒருவர் இருக்கும்வரைதான் ஒரு வீட்டில் ஆட்டம் நடக்கும். அவர் முட்டாள் இல்லை என்பதை, அவருடைய சீட்டை நாம் எடுக்கும் நாளில்தான் தெரிந்துகொள்கிறோம்.