மேனேஜர் காலில் விளைந்த சாமை

சாமை விளையும் மலைக்காட்டைத் தோண்டிப் பாக்சைட் எடுக்க ஒரு கம்பெனி கிளம்பி வந்தது. தாசில்தார் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கம்பெனி மேனேஜர் ஜெயகோபால் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"அத்தனையும் தரிசு. புல்கூட முளைக்காது. இல்லேன்னா இப்பவே, இங்கயே நிரூபிங்க பார்ப்போம்!"

காடோ இரண்டு மைல் தள்ளி இருந்தது. கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஊர்க்காரி பிச்சாயி சொம்பைக் கீழே வைத்தாள்.

"நேர்ல போய்ப் பார்த்தீங்களா சார்? இல்ல, ஆபீஸ்ல உக்காந்தே எழுதுனீங்களா?"

மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காலையிலதான் மூலைக்கு மூலை நடந்துட்டு நேரா இங்க வர்றேன். வேற எங்கயும் கால் வைக்கல!"

"அப்ப எங்க வழக்கப்படி துணிய உதறிடுங்க சார். காட்டுக்குள்ள போனவங்க உதறாம ஊருக்குள்ள வரக் கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே, பனியில் நனையாமலிருக்க மடித்துவிட்டிருந்த பேன்ட் கால்களின் மடிப்பைப் பிரித்து உதறினார். முற்றிய சாமை பொலபொலவென்று கொட்டியது. எங்கிருந்தோ ஓடிவந்த கோழி ஒன்று கொத்தத் தொடங்கியது.

தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

"முதல் ஆட்சேபணை கோழிகிட்டருந்து வந்திருக்கு. எழுதிக்கிறேன்."