நேர்ந்த தண்ணீர்

பங்குனி வெயிலில் சருகெல்லாம் அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தன. ஆறுமுகநயினார் தன் குரு கோமதியம்மாளோடு மலையேறிக்கொண்டிருந்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. நயினார் கோபத்துக்குப் பேர்போனவர். அதைக் குறைத்துக்கொள்ளத்தான் சீடராகச் சேர்ந்தார், இன்னும் குறைந்தபாடில்லை.

அவர் தலையில் தாமிரபரணித் தண்ணீர் நிறைந்த செப்புக்குடம். காய்ச்சலில் கிடந்த மகன் பிழைத்தால் உச்சியிலிருக்கும் சாமிக்கு அபிஷேகம் செய்வதாக நேர்ந்திருந்தார். பிள்ளை பிழைத்துவிட்டான். குடம் மட்டும் தரையில் படக்கூடாது.

பாதி மலையில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். குடம் மரக்கிளையில் தொங்கியது. குடித்து முடித்ததும் நயினார் அடுப்பை மண்ணால் மூடிவிட்டுக் கிளம்பினார்.

"தீ அணைஞ்சுட்டா?" என்றார் கோமதியம்மாள்.

"மண்ணைப் போட்டு மூடிட்டேம்மா."

"தண்ணி ஊத்தலையா?"

நயினாருக்குச் சுருக்கென்றது. "சோறு பொங்கின அடுப்புல யாராவது தண்ணி ஊத்துவாங்களா? குடும்பத்துக்கு ஆகாதுல்லா."

"அந்த மண்ணுல கைய வைங்க."

வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கை சிவந்துவிட்டது. "தானா ஆறிரும்," என்றார் விடாமல். காற்று சருகுகளை அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் கஞ்சியோடு தீர்ந்திருந்தது. பக்கத்துச் சுனையும் வற்றிக் கிடந்தது. கோமதியம்மாள் கிளையில் தொங்கிய குடத்தை எடுத்து அடுப்பில் சாய்த்தார்.

சொர்ரென்று புகை எழுந்தது. குச்சியால் கிளறினார். மண்ணுக்கடியிலிருந்து கங்குகள் செக்கச்செவேலென்று வெளியே வந்தன. மிச்சத் தண்ணீரையும் ஊற்றி, சேறாகும்வரை கிளறி, தன் கையை வைத்துப் பார்த்தார்.

"இப்ப அணைஞ்சுட்டு."

நயினார் வெறுங்குடத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினார். குருவென்றும் பார்க்கவில்லை.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எம்பிள்ளை உசுருக்கு நேர்ந்த தண்ணி அது! வெறுங்குடத்தோட சாமி முன்னால போயி எப்படி நிப்பேன்? அவனுக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

கோமதியம்மாளுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்மலையைக் காட்டினார். அங்கே ஒரு சரிவு முழுக்க மரங்கள் கரிக்கட்டையாக நின்றன.

"அதுக்குக் கீழ நாலஞ்சு குடிசை இருந்துச்சு. அதுலயும் பிள்ளைங்க இருந்துச்சு. போன வருசம் அதைக் கொளுத்தினவன் யாருன்னு நினைக்கீங்க? அடுப்பை மண்ணைப் போட்டு மூடிட்டுப் போனவன்தான். அவனும் மேல போயி, ஒரு குறையுமில்லாம அபிஷேகத்தை முடிச்சிட்டுத்தான் இறங்கினான்."