டிப்டாப்பின் கண்

"போட்டோ எடுத்துட்டு, அதைப் பாத்து வரைஞ்சா என்ன குத்தம்?" என்று கேட்டான் தெய்வேந்திரன்.

யூட்டா அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, குதிரைக்குக் கொள்ளு வைக்கிற வாளிக்குள் போட்டாள்.

"இப்ப வரை."

யூட்டா ஜெர்மனிக்காரி. குதிரைகளின் முகத்தை வரைவதுதான் அவள் தொழில். மனுசனை வரைகிற மாதிரி, ஒவ்வொரு குதிரையையும் தனி ஆளாக வரைவாள். கொடைக்கானலுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவள், ஏரிக்கரைக் குதிரைகளைப் பார்த்ததும் திரும்பிப் போகவே இல்லை. தமிழ் சொல்லிக்கொடுத்தது குதிரைக்காரர்கள். அவர்கள் குதிரையிடம் பேசுகிற தமிழ்தான் அவளுக்கு வரும். போலீஸ்காரர் வந்தாலும் "நில்லு, தள்ளு, போ" தான்.

தெய்வேந்திரன் அவளைவிட வயதில் மூத்தவன். வத்தலக்குண்டில் செத்தவர்களை வரைந்துகொண்டிருந்தான். ரேஷன் கார்டு போட்டோ போதும், மாலை போடுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுவந்துவிடுவான். ஆனால் அவன் வரைந்த எல்லாரும் ஒரே மாதிரி செத்திருந்தார்கள். அது ஒருநாள் அவனுக்கே தெரிந்துபோனது. கடையைச் சாத்திவிட்டு, யூட்டாவிடம் வரையக் கற்றுக்கொள்ள மலையேறி வந்துவிட்டான்.

அன்று காலையில், ஏரிக்கரைக் குதிரைக்காரர் சிக்கந்தர் பாயின் குதிரை ஈரப்பாறையில் வழுக்கி முன்னங்காலை முறித்துக்கொண்டது. அதன் பெயர் டிப்டாப். மாட்டு டாக்டர் வலிக்கு ஊசி போட்டார்.

"இனி எந்திரிக்காது பாய். போய் மருந்து எடுத்துட்டு வர்றேன்."

என்ன மருந்து என்று யாரும் கேட்கவில்லை.

பாய் யூட்டாவிடம் வந்தார்.

"என்கிட்ட இதோட படம் ஒண்ணுகூட இல்ல யூட்டாம்மா. வர்றவன் போறவன் எல்லாம் மேல ஏறி போட்டோ புடிச்சுட்டுப் போனான். எல்லாத்துலயும் அவன் மூஞ்சிதான் இருக்கும்."

யூட்டா தெய்வேந்திரனைக் கைகாட்டினாள்.

"நீ."

"உசுரோட இருக்கறதை நான் வரைஞ்சதே இல்லை மேடம்."

"உசுரு இருக்கு. டாக்டர் வர்ற வரைக்கும்."

அப்போதுதான் அவன் போனை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கினாள்.

லாயத்தில் டிப்டாப் வைக்கோல்மேல் படுத்திருந்தது. அதன் முகத்துக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் அவன் உட்கார்ந்தான். யூட்டாவும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் காதுகளை வரைந்தான். பிடரியை வரைந்தான். நெற்றியின் வெள்ளைப் பொட்டை வரைந்தான். கை சூடு பிடித்துவிட்டது.

பாய் எட்டிப் பார்த்தார்.

"அட, காதுல இருக்கற கிழிசல்கூட வந்துருச்சே."

தெய்வேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. மூக்கின் மயிரை ஒவ்வொன்றாக இழுத்தான். முகக்கயிறு அறுத்த தழும்பைக்கூட விடவில்லை.

"கண்ணு எங்க தம்பி?"

"கடைசியில பாய். எங்க தொழில்ல அப்படித்தான். வீட்டாளுங்க எல்லாரும் வந்து நின்ன பெறகுதான் கண்ணைத் தெறப்போம்."

"அது பாக்குது," என்றாள் யூட்டா.

"நான் இன்னும் கண்ணே வைக்கலையே மேடம்," என்று சிரித்துவிட்டு, அவன் தாடையின் நிழலுக்குப் போனான்.

டாக்டர் வந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார், இன்னும் முடியலை," என்றான் தெய்வேந்திரன்.

"பொறுத்தா அதுக்குத்தான் வலி."

பாய் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் ஊசி போட்டார். நீளமாக ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. பாய் உள்ளங்கையால் அதன் கண்களை மூடினார்.

ரொம்ப நேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"இப்ப கண்ணைத் தெற தம்பி. வீட்டாளு நான் ஒருத்தன்தான். வந்துட்டேன்."

தெய்வேந்திரன் பென்சிலை எடுத்தான்.

டிப்டாப்பின் கண் எப்படி இருந்தது?

கறுப்பா, பழுப்பா? இமை மயிர் மேலே வளைந்திருந்ததா, தொங்கியதா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. ஏதாவது ஒரு கண்ணை வைத்துவிடலாம். எத்தனையோ பேருக்கு வைத்த கைதான். பாய் அழுத கண்ணோடு இருக்கிறார், கண்டுபிடிக்கவும் மாட்டார்.

பென்சிலைக் கீழே வைத்தான்.

"தெரியலை பாய். நான் பாக்கவே இல்லை."

பாய் கண்ணில்லாத அந்த முகத்தை எடுத்துப் பார்த்தார். அது அடிப்பதைவிட மோசமாக இருந்தது.

யூட்டா தன் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

காது இல்லை. பிடரி இல்லை. நெற்றிப் பொட்டு இல்லை. தாள் முழுக்க ஒரே ஒரு கண்.

தெய்வேந்திரன் எழுந்து கிட்டே போனான். கரிக்கோலால் தேய்த்த வெறும் தாள் அது, ஆனால் ஈரமாக இருந்தது. இமை மயிரில் ஒரு வைக்கோல் தூசி ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் ஆழத்தில், லாயத்தின் வாசல் வெள்ளையாக வளைந்து நின்றது. வலியும் அங்கேதான் இருந்தது, ஆனால் புகார் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அது இமைத்துவிடும் என்று பயந்தான். செத்த குதிரை அவனுக்குப் பின்னால் கிடந்தது. முன்னால் அது உயிரோடு அவனைப் பார்த்தது.

அவன் தன்னையறியாமல் கைகட்டி நின்றான்.

பாய் தாளைத் தொடப் பயந்து, பக்கத்தில் குனிந்தார்.

"என் டிப்டாப்பு," என்றார்.

அப்புறம் இன்னும் குனிந்தார். கண்ணுக்குள் எதையோ கூர்ந்து பார்த்தார்.

"உள்ள யாரோ உக்காந்திருக்கானே யூட்டாம்மா. யாரு அவன்? தாளை விட்டுத் தலையே நிமிர மாட்டேங்கறான்."