முன்வாசல் படம்

லீட்ஸ் நகரத்தில் புனிதவதி அக்காவுக்கு நடந்தது அப்பட்டமான அநியாயம். இருபத்திரண்டு வருஷம் அவர் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தை இடித்து, முப்பத்தெட்டு மாடிக் கோபுரம் கட்டினார்கள். பழைய ஆட்களுக்கும் அதில் வீடு கொடுத்தார்கள். ஆனால் வாசல் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே! கண்ணாடி முன்வாசல் பணக்காரருக்காம். இது எந்த ஊர் நியாயம்?

பழைய கட்டடத்துக்கு ஒரே வாசல்தான். அந்த வாசற்படியில் உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன மீன்?" என்று பக்கத்து வீட்டு ஐரிஷ்காரரான கானல் என்பவர் அக்காவிடம் கேட்காத மாலையே கிடையாது.

திறப்பு விழாவுக்கு முன் கோபுரத்தின் முதலாளி ஹார்கிரீவ்ஸ் அக்காவிடம் வந்தார். "விளம்பரப் புத்தகத்தில் படம் போட உங்கள் சடங்கு ஏதாவது செய்யுங்கள்."

"பால் காய்ச்சிக் குடிபுகுவம். ஆனா முன்வாசலிலை நீங்களே கையைப் பிடிச்சுக் கூப்பிடவேணும்" என்றார் அக்கா.

பால்செம்போடு அக்கா வலதுகால் வைக்க, ஹார்கிரீவ்ஸ் பல்லெல்லாம் தெரிய, முன்வாசலில் கையைப் பிடித்து அழைத்தார். அந்தப் படம் புத்தகத்தின் அட்டையிலேயே வந்தது, கீழே இந்த வாசகத்தோடு: "உங்கள் வீட்டுக்கு வாருங்கள்!"

விழாவன்று பழைய குடும்பங்கள் எல்லாம் அக்கா பின்னால் முன்வாசலுக்கு வந்தன. காவலாளி மறித்தான். நிருபர்கள் பார்த்திருக்க, ஹார்கிரீவ்ஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "இது உங்கள் வாசல் என்று அச்சடித்த ஒரு தாள் காட்டுங்கள். நானே உள்ளே அழைத்துப் போகிறேன்!"

அக்கா புத்தகத்தின் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"அண்டைக்குப் படத்துக்குப் பிடிச்ச மாதிரியே கையைப் பிடியுங்கோ ஐயா. மற்றக் கையாலை கானலையும் பிடியுங்கோ, அவருக்கு முழங்கால் நோகுது."