பூஜையில் இருக்கும் துப்பாக்கி

“வாங்கிட்டனுங்க சாமி,” என்றார் சென்னியப்பன்.

சாமி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதைங்ணா?”

“துப்பாக்கியை.”

சாமியின் கை நின்றது.

“மூணு தடவை கேட்டீங்க. மூணு தடவையும் வேண்டாம்னுதானே சொன்னேன்?”

“ரெண்டு தடவைதானுங்க சொன்னீங்க.”

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. சாமிக்கு நான்கு வயது குறைவு. அதனால் சாமி தன் சீடரை அண்ணா என்று அழைப்பார்.

சாமி முன்பு பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் ஒரு நிறுத்தத்தில் கீழே இறங்கி நின்று இரண்டு விசில் அடித்தார். பேருந்து போனது. அவர் ஏறவில்லை.

அன்றிலிருந்து கடம்பூர் மலையடிவாரத்தில், வற்றிப்போன ஒரு கிணற்றின் மோட்டார் ரூமில் இருக்கிறார். தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் விசிலில்தான் பதில்.

ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் போ.

ஏழு வருடங்களுக்கு முன், காட்டுப்பன்றிகள் முதன்முதலாக மக்காச்சோளத்தில் இறங்கியபோது, துப்பாக்கி வாங்கலாமா என்று சென்னியப்பன் கேட்டார். ஒரு விசில்.

பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்தபோது இரண்டாம் முறை கேட்டார். ஒரு விசில்.

இந்தச் சித்திரையில் லைசென்ஸ் கைக்கு வந்ததும் மூன்றாம் முறை கேட்டார். சாமி வானத்தைப் பார்த்தார். மடியைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். சென்னியப்பன் அரைமணி நேரம் காத்திருந்து, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

“அன்னைக்கு நீங்க விசில் அடிக்கலீங்களே சாமி.”

“விசில் காணாமப் போயிருந்துதுங்ணா. அரிசி டின்னுக்குள்ள கெடந்துச்சு. மறுநாள்தான் கெடச்சுது.”

இருவரும் கொஞ்ச நேரம் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“புதுசுங்களா?”

“பழசுதானுங்க. ஏற்காட்டுல செல்வநாயகம்னு ஒரு காப்பித் தோட்டக்காரர் வச்சிருந்தாரு. செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்.”

“அப்படின்னா?”

“ஒரு தோட்டா போச்சுன்னா அடுத்தது தானா ஏறிக்குமுங்க. விசையை மட்டும் நாம ஒவ்வொரு தடவையும் இழுக்கோணும்.”

அதை வாங்குவதற்குள் சென்னியப்பன் நான்கு முறை மலையேறியிருந்தார். முதல் முறை, குழலில் துரு இருக்குமோ என்ற சந்தேகம். இல்லை. அப்படியானால் ஏன் விற்கிறார் என்ற சந்தேகம் வந்தது. வயதாகிவிட்டது என்றார் செல்வநாயகம். வயதானவர் அதிகம் சுட்டிருப்பாரோ என்ற சந்தேகம் அடுத்து. முப்பது வருடத்தில் இரண்டே முறை, இரண்டும் பலாப்பழத்தை, மரமேற ஆள் கிடைக்காமல், என்றார் அவர். பழம் விழுந்ததா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டார். அந்தச் சந்தேகம் இன்னும் இருந்தது.

“ஒண்ணு போச்சுன்னா அடுத்தது தானா ஏறிக்குதுங்களா?” என்றார் சாமி.

“ஆமாங்க. துப்பாக்கியோட அமைப்பே அப்படி.”

“நான் துப்பாக்கியைக் கேக்கலீங்ணா.”

சென்னியப்பன் தலைகுனிந்தார்.

“அதைக் கையில கொடுக்கும்போது அந்தக் காப்பித் தோட்டக்காரர் முகம் எப்படி இருந்துச்சு?”

சென்னியப்பன் யோசித்தார். கையெழுத்துப் போட்ட அன்று செல்வநாயகம் விடாப்பிடியாகச் சாப்பிடச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவரும் கூடவே உட்கார்ந்து, இரண்டாம் கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார் திரும்பும்வரை கேட்டில் நின்று கையசைத்தார்.

“தெளிவா இருந்துதுங்க. சொல்றேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. உங்க முகத்தைவிடத் தெளிவு.”

“அப்ப அவரையில்ல சாமீன்னு கும்பிட்டிருக்கோணும்,” என்று சாமி அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

பிறகுதான் சென்னியப்பன் வந்த விஷயத்தைச் சொன்னார்.

துப்பாக்கியை வைக்க இரும்பு பீரோ வாங்கினார். பீரோ சாவியைத் துவரம்பருப்பு டப்பாவில் ஒளித்தார். சமையலறைக்குப் பூட்டுப் போட்டார். அந்தப் பூட்டின் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சாம்பாருக்குப் பருப்பு வேண்டுமென்றால் அவர் மனைவி பாவாத்தாள் அவரைத் தோட்டத்திலிருந்து கூப்பிட வேண்டும்.

நாய் ஒன்று வாங்கினார். அது நாள் முழுக்கத் தூங்கியது. அதை எழுப்ப இன்னொன்று வாங்கினார்.

துப்பாக்கியைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போக முடியவில்லை. மச்சினன் பேரனின் காதுகுத்துக்குப் போனவர் பந்தியில் உட்காராமல் திரும்பினார். அதிலிருந்து மச்சினன் பேசுவதில்லை.

படுத்தால் ஏதாவது சத்தம் கேட்டது. எழுந்து போய் பீரோவை இழுத்துப் பார்ப்பார். கதவுகளை இழுத்துப் பார்ப்பார். படுப்பார். பீரோவைச் சரியாக இழுத்தோமா என்று தோன்றும்.

பத்து நாள் பார்த்துவிட்டுப் பாவாத்தாள் ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“திருடன் என்னைக்கோ ஒருநாள்தான் வருவான். நீங்க தெனமும் பதினோரு தடவை வர்றீங்க.”

சொல்லிவிட்டு, திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் ஒழுங்காகத் தூங்குகிற அன்றைக்கு வருகிறேன் என்று பேருந்து ஏறும்போது சொன்னாள்.

“ஒரு தடவை வந்தாளுங்க சாமி. ஆடி மாசம் இடைத்தேர்தல் வந்துச்சே, அப்ப. தேர்தல்னா லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும். ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வந்தேன். நாப்பது நாள் நல்ல தூக்கம். அவளும் வந்துட்டா.”

“அப்புறம்?”

“தேர்தல் முடிஞ்சுது. கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அன்னைக்கே அவ கிளம்பிட்டா.”



சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடுத்த தேர்தல் எப்போன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“வித்துட வேண்டியதுதானேங்ணா?”

“வித்த மறுநாள் திருடன் வந்தா?”

“வராட்டி?”

“பன்னி வரும்.”

சாமி கடைசி அவரைக்காயையும் உரித்து முடித்தார். நாரையெல்லாம் வாரி எடுத்து எருக்குழியில் போட்டுவிட்டு வந்தார்.

“நாளைக்கு ஆயுத பூஜை. ஊட்டுல சாமான் எல்லாம் பூஜையில வைப்பீங்கதானே?”

“அருவா, கடப்பாரை, மம்பட்டி, மோட்டார், எல்லாமுங்க.”

“துப்பாக்கிக்கும் வைங்க. தோட்டாவைக் கழட்டித் தனியாப் பூட்டிருங்க. துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வச்சு பீரோவுக்குள்ளயே நிறுத்திப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால தட்டுல வச்சிருங்க. மத்ததுக்கெல்லாம் மறுநாள் நீங்க மறுபூஜை பண்ணி எடுத்துக்கலாம். இதுக்கு மட்டும் நான் வந்து பண்றேன். அதுவரைக்கும் தொடக் கூடாது.”

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. சாமி இதுவரை யார் வீட்டுக்கும் போனதில்லை.

இரண்டு விசில் கேட்டது. சென்னியப்பன் கிளம்பினார்.

மறுநாள் பூஜை. அதற்கு மறுநாள் வடை சுட்டுப் பாயசம் வைத்து, வாசலில் நின்று காத்திருந்தார்.

சாமி வரவில்லை.

அடுத்த வாரம் போய்க் கேட்டார். வர்றேனுங்ணா என்றார் சாமி.

ஐப்பசியில் மழை என்றார். கார்த்திகையில் பேருந்துச் சத்தம் ஆகாது என்றார். மார்கழியில் காரணமே சொல்லவில்லை.

சாவி தட்டிலேயே இருந்தது. பூ காய்ந்தது. சென்னியப்பன் பூவை மாற்றினார். சாவியைத் தொடவில்லை.

ஆரம்பத்தில் வழக்கம்போல எழுந்து போனார். பீரோவை இழுத்துப் பார்க்கக் கை நீண்டது. பூஜையில் இருப்பதை இழுக்கக் கூடாதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

சில வாரங்களில், படுக்கையில் உட்கார்ந்தபடியே அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு படுத்தபடியே.

பிறகு எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

தை மாதம் ஒரு சாயங்காலம் பன்றிகள் வந்தன. பெரியவை மூன்று, குட்டிகள் ஐந்தாறு. மக்காச்சோளம் கதிர் முற்றி நின்றது.

சென்னியப்பன் உள்ளே ஓடினார். சாவியை எடுக்கப் போன கை தட்டுக்கு மேலே நின்றது.

மறுபூஜை ஆகவில்லை.

வேறு எதையாவது எடுப்போம் என்று திரும்பினார். காலி எண்ணெய் டின் ஒன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி. இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, டின்னை அடித்துக்கொண்டே பன்றிகளின் வம்சத்தையே திட்டினார். அவர் போட்ட சத்தத்தில் இரண்டு நாய்களும் விழித்துக்கொண்டன.

பன்றிகள் போய்விட்டன. பெரிய அவசரம் ஒன்றும் காட்டவில்லை. ஒரு பன்றி மட்டும் வேலியோரம் நின்று அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது.

அவருக்கு ஏனோ சிரிப்பு வந்தது. வரப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

அப்போது பாவாத்தாள் போன் செய்தாள். மூச்சு வாங்குகிறதே, என்ன என்றாள். சொன்னார்.

“துப்பாக்கி எங்க?”

“பூஜையில இருக்குது.”

“இன்னுமா?”

“சாமி இன்னும் வரலையே.”



“ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறீங்க?”

சென்னியப்பன் எண்ணிப் பார்க்க முயன்றார். எண்ண ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலைப் பேருந்தில் பாவாத்தாள் வந்து இறங்கினாள். முதல் வேலையாக, சமையலறைப் பூட்டை எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் போட்டாள்.

மாசியில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். இன்று சாயங்காலம்வரைதான் கெடு.

சென்னியப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பறந்தார். வாழ்நாளில் ஒரு சட்டத்தையும் மீறாதவர். குருவின் சொல்லையும் மீறாதவர்.

“சாமி, இப்பவே வரோணும். மறுபூஜை ஆகாம எப்படிங்க எடுப்பேன்?”

“எடுத்துட்டுப் போய்க் கொடுத்துருங்ணா.”

“நீங்க வந்து பண்றேன்னு சொன்னீங்களே.”

“வர்றேன்னு சொன்னேன். துப்பாக்கி இருக்கும்போது வர்றேன்னா சொன்னேன்?”

இரண்டு விசில்.

ஸ்டேஷனில் ரைட்டர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் தெரியவில்லை. அதன்மேல் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அவர் துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு நகத்தால் சுரண்டி நம்பரைப் படித்தார்.

பங்குனியில் தேர்தல் முடிந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சாமி வந்து நின்றார்.

காலி பீரோவுக்குக் கற்பூரம் காட்டினார். மறுபூஜை முடிந்தது. பாவாத்தாள் இலை போட்டாள்.

சாப்பிட்டு எழுந்ததும் சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து, நெடுநாளாக மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். சாமி நிதானமாகச் சாப்பிடுகிறவர். இன்னும் பாயசத்துக்கு வரவில்லை.

“தேர்தல் முடிஞ்சு போச்சுங்க சாமி. அதைத் திருப்பி வாங்கறதா, வித்துடறதா? வித்தா யாருக்கு விக்கறது? வாங்கறவன் நிலைமை என்ன ஆகும்? அப்படியே ஸ்டேஷன்லயே விட்டுடலாமுன்னா, சட்டம் ஒத்துக்குமா? நீங்கதான்...”

பதிலுக்காகச் சாய்ந்துகொண்டார்.

சாமி ரசத்தை முடித்து, பாயசத்தையும் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கட்டிலில் குறட்டை கேட்டது.

போன் அடித்தது. பாவாத்தாள் எடுத்துப் பேசினாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஸ்டேஷன்ல இருந்துங்க சாமி. துப்பாக்கியை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. இவரை எழுப்பட்டுங்களா?”

சாமி இடது கையால் மடியிலிருந்து விசிலை எடுத்தார். வாயில் வைத்தார்.

கட்டிலைப் பார்த்தார்.

விசிலை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

“பாயசம் இன்னொரு கரண்டி ஊத்துங்க்கா,” என்றார்.